பொருள்: அன்கன்ஃபார்மிட்டி = விடுபரப்பு?

அன்புடையீர்,

இடையில் நெடுங்காலம் விடுபட்டுப்போன இரு பாறைகள் சந்திக்கும் எல்லையை நிலவியலில் அன்கன்ஃபார்மிட்டி என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல்லாக ‘ஒவ்வாமை’ வேண்டாம். அதை மருத்துவம் எடுத்துக்கொண்டுவிட்டது. ‘காலமுறிவு’ம் பொருந்தாது. படிவு நின்றுபோன காலத்துக்கு ஹையேட்டஸ் என்ற தனிப்பெயர் உண்டு, அதற்கு வேண்டுமானால் வைத்துக்கொள்வோம். இங்கே பெயர் கேட்பது, பாறையில் விரல் வைத்துக் காட்டக்கூடிய எல்லை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கின் அடியில் ஏறத்தாழ 175 கோடி ஆண்டுப் பழைய விஷ்ணு சிஸ்ட் என்ற உருமாறிய பாறையின் மேல், ஏறத்தாழ 51 கோடி ஆண்டு வயதுள்ள டபீட்ஸ் மணற்கல் நேராக உட்கார்ந்திருக்கிறது. நடுவில் 120 கோடி ஆண்டுகளுக்கு மேல் காணோம். ‘விடுதளம்’ எனலாமா?

----

> ‘விடுதளம்’ எனலாமா?

‘விடு’ நன்று, ‘தளம்’ இடிக்கிறது. பாறை அடுக்குகளின் இடைமுகத்தைப் படுகைத் தளம் என்று சொல்லிப் பழகியவர்கள் தட்டையான ஒன்றைத்தான் நினைப்பார்கள். இதுவோ மழையும் ஆறும் அரித்த பழைய நிலமுகம், மேடுபள்ளம் இருக்கும். அதே கேன்யனில் முவாவ் சுண்ணாம்புக்கல்லில் வெட்டப்பட்ட ஓடைத் தடங்களை டெம்பிள் பியூட் படிவு நிரப்பியிருக்கிறது. தடம் இல்லாத பல இடங்களில் அந்தப் படிவே இல்லை, முவாவின் மேல் நேரே அடுத்த அடுக்கான ரெட்வால் சுண்ணாம்புக்கல் வந்துவிடுகிறது. ஆகவே ‘விடுபரப்பு’.

வகைகளுக்கும் இது வளைந்துகொடுக்கிறது. கீழடுக்கு சாய்ந்து மேலடுக்கு கிடையாக இருந்தால் ‘கோண விடுபரப்பு’. இரண்டும் இணையாக, நடுவில் அரிப்பு தெரிந்தால் ‘இணை விடுபரப்பு’. அரிப்பே தெரியாமல் புதைபடிவத்தால் மட்டும் இடைவெளி பிடிபட்டால் ‘மறை விடுபரப்பு’. கீழே உருமாறிய பாறையோ கிரானைட்டோ இருந்தால் ‘அடிப்பாறை விடுபரப்பு’.

கடைசி வகையின் வரையறையில் ஓர் எச்சரிக்கை சேர்க்கவேண்டும். கிரானைட்டுக்கு மேல் மணற்கல் இருப்பது மட்டும் போதாது. மணற்கல்லின் அடியில் அந்தக் கிரானைட்டின் கூழாங்கற்கள் கிடந்தால் விடுபரப்பு. மணற்கல் சூட்டில் வெந்து, கிரானைட் நரம்புகள் அதற்குள் ஏறியிருந்தால் கிரானைட்தான் பின்னால் வந்தது. நொறுங்கிய பாறைமாவும் உராய்வுக் கீறல்களும் இருந்தால் அது பாறை பிளந்து நகர்ந்த பிளவுப்பெயர்ச்சி.

----

‘விடுபரப்பு’க்கு என் வாக்கும். ஆனால் ஒன்று: கேன்யனில் கொலராடோ ஆறு அறுத்து இன்று நிற்கும் சுவரும் அரிமானப் பரப்புதானே? அதையும் விடுபரப்பு என்று மாணவர் எழுதுவார்கள்.

----

எழுதக்கூடாது. மேலே புதிய படிவோ எரிமலைக் குழம்போ மூடினால்தான் விடுபரப்பு. கேன்யனின் மேற்குப் பகுதியில் இதற்குச் சான்றே உண்டு: கடந்த பத்து லட்சம் ஆண்டுகளுக்குள் எரிமலைக் குழம்பு உள்ளே வழிந்து, அன்றைய ஆற்றுச் சரளையைச் சில இடங்களில் மூடியது. சரளைக்கும் அதன் கீழுள்ள பழம்பாறைக்கும் இடைப்பட்டது விடுபரப்பு; பக்கத்தில் வெறுமையாக நிற்கும் சுவர் அல்ல.

ஆறு அறுத்த வேகத்தையும் அங்கிருந்தே கணக்கிடலாம். அந்த எல்லை இன்றைய ஆற்றடிப் பாறைக்கு 60 மீட்டர் மேலே, குழம்பின் வயது 4 லட்சம் ஆண்டு என்று வைத்துக்கொண்டால், பத்து லட்சம் ஆண்டுக்கு 150 மீட்டர். குழம்பின் உச்சியிலிருந்து அளந்தால் கணக்கு வீங்கும். இன்றைய நீர்மட்டம் வரை அளந்தாலும் தவறு: ஆற்றடியில் தண்ணீருக்குக் கீழே சரளை, அதற்கும் கீழேதான் பாறை. பாறையிலிருந்து பாறைக்கு அளக்கவேண்டும்.

வரையறை வரைவு: ‘விடுபரப்பு: படிவு நின்றோ அரிக்கப்பட்டோ போன பழைய பாறைமுகத்தைப் பிற்காலப் பாறை மூடியதால் உண்டான எல்லை.’ ‘மூடிய’ என்பதை யாரும் நீக்கிவிடாதீர்கள்.