மறு: மறு: ‘பிராக்சிமிட்டி அலர்ட்’ – அருகாமையா, அண்மையா?

ரோஸ்ஹில், மொரீசியஸ்

> ‘அருகாமை’ என்பதே பிழை, தம்பி. கல்லாமை, கொல்லாமை போல அதுவும் எதிர்மறை. ‘அருகாமை எச்சரிக்கை’ என்றால் அருகில் இல்லாததற்கு எச்சரிக்கை என்று ஆகிவிடும். ‘அண்மை எச்சரிக்கை’ என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஐயா, இலக்கணத்தில் உங்களோடு மல்லுக்கு நிற்க என்னால் ஆகாது. ஆனால் நாங்கள் செய்த பெட்டி அருகில் இல்லாததற்குத்தானே கத்துகிறது! பிழையான சொல் பொருத்தமான இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஒரு பொருள் கிட்டே வந்தாலோ தள்ளிப்போனாலோ கத்தும் ‘பிராக்சிமிட்டி அலர்ட்’டுக்குத் தமிழில் என்ன என்று, கதையைச் சொல்லாமல் சொல்லை மட்டும் கேட்டது என் தப்பு. எங்கள் கோவில் பொருளாளர் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியபடியே வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் விடியலில் குருக்கள் பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பார். தமிழ் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, அலுவலக மேசைக்கு அடியில் ஒரு ராஸ்பெரி பை ஸீரோ டபிள்யூ வைத்தோம். புளூடூத்தும் வைஃபையும் உள்ளேயே இருக்கிற, விரல் நீளக் கணினிப் பலகை. சாவிக்கொத்தில் ஒரு புளூடூத் வில்லை. வில்லை நொடிக்கு ஒரு தடவை ‘நான் இருக்கிறேன்’ என்று கூவும். பலகை காது கொடுத்துக் கேட்கும். கூவல் மங்கினால் பஸ்ஸர் அலறும். முதலில் பொருளாளரின் கைபேசியைத்தான் நம்பினோம். இன்றைய கைபேசிகள், பின்தொடர்கிறவர்களை ஏமாற்ற, தம் புளூடூத் முகவரியை அடிக்கடி மாற்றிக்கொள்கின்றன. எங்களையும் ஏமாற்றிவிட்டது.

இந்தப் பலகை தூரத்தை அளப்பதே இல்லை. எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை மட்டும் ஒரு மைனஸ் எண்ணாகச் சொல்லும்; எண் கீழே இறங்க இறங்கக் கூவல் மங்கல். மேசைப் பக்கத்தில் மைனஸ் 45 டிபிஎம் (அலையின் வலிமைக்கான அலகு), வாசல் கேட்டில் மைனஸ் 80க்குக் கீழே. தடையில்லாத வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறையும் என்பது கணக்கு. கோவில் தடையில்லாத வெளியா?

வெள்ளிக்கிழமைப் பூசையில் தெரிந்தது. பொருளாளர் சன்னதியில்தான் நிற்கிறார், இடுப்பில் சாவியோடு, கைகூப்பியபடி. அவருக்கும் அலுவலகத்துக்கும் நடுவே கூட்டம். மனித உடம்பில் பெரும்பகுதி தண்ணீர், புளூடூத்தின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கும். தீபாராதனை நேரத்தில் எண் மைனஸ் 88க்கு விழுந்தது, பஸ்ஸர் அலறியது. குருக்கள் மணியடிப்பதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன்.

இப்போது கடைசிப் பத்து அளவுகளின் சராசரி மைனஸ் 80க்குக் கீழே இருபது நொடி நின்றால்தான் கத்தும். மைனஸ் 70க்கு மேலே ஏறினால்தான் ஓயும். இரண்டுக்கும் ஒரே எல்லையை வைத்தால், அவர் கேட்டருகே நின்று யாரோடாவது பேசும்போதெல்லாம் கத்தி, ஓய்ந்து, மறுபடி கத்தி உயிரை வாங்கும்.

சொல்லுக்கு வருகிறேன். ‘அண்மை’ எனக்கும் பிடிக்கும்; அண்மைச் சுட்டு, சேய்மைச் சுட்டு என்று இலக்கணத்திலேயே இருக்கிறது. ஆனால் செய்தித்தாளில் ‘அண்மையில்’ என்றால் காலம். ‘அருகு’ என்று எடுத்தால், வைஃபைக்கு ‘அருகலை’ ஏற்கெனவே புழங்குகிறது. புளூடூத்துக்குச் சிலர் சொல்லும் ‘ஊடலை’ எனக்கு எப்போதும் ஊடலைத்தான் நினைவூட்டுகிறது. (சாவி கோபித்துக்கொண்டு கிளம்புவதற்கு அது பொருத்தம்தான் என்கிறார் வீட்டுக்காரம்மா.)

வீட்டில் இந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோல் பேசும் பிள்ளைக்கு ஒரு தடவை கேட்டதும் புரிய வேண்டும். எனக்கு அதுதான் அளவுகோல். பணத்தாளில் தமிழ் வரி எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதற்காக, 1998இல் வந்த புது நோட்டுகளையே திரும்பப் பெற வைத்த நாடு இது. இங்கே ஒரு சொல் கிடைத்தால் பெட்டிமேல் எழுதிவிடுவோம். பிள்ளைகளிடமே கேட்டேன். ஒருத்தி, பாட்டி வீட்டு ஆட்டுக்கு மணி கட்டியிருப்பதைச் சொன்னாள்: சத்தம் தேய்ந்தால் ஆடு வேலி தாண்டிவிட்டது என்று பாட்டி எழுந்துவிடுவாராம். எங்கள் பெட்டி செய்வதும் அதைத்தானே!

ஆகவே என் முன்மொழிவு: பொருள் தள்ளிப்போனால் கத்துவது ‘விலகல்மணி’. கிட்டே வந்தால் கத்துவது ‘வரவுமணி’. ஆங்கிலத்தில் ஒரே பெயர் என்பதற்காக நாமும் இரண்டையும் ஒன்றில் அடைக்க வேண்டுமா? அந்த மைனஸ் எண்ணுக்கு, கேட்கிற வலிமை என்பதால், ‘கேள்வலு’.

———

கோயம்புத்தூர்

தம்பி, வரவுமணி நன்று. கேள்வலு வேண்டாம், ‘கேள்வி வலு’ என்று படித்துவிட்டு என்ன கேள்வி என்பார்கள். ‘ஏற்புவலு’ போதும். விலகல்மணியில் புணர்ச்சியைக் கவனியுங்கள்: லகரத்தின் பின் மகரம் வந்தால் லகரம் னகரமாகும். கல் + மலை = கன்மலை. ஆக, ‘விலகன்மணி’.

———

ரோஸ்ஹில்

ஐயா, ஏற்புவலுவை ஏற்றுக்கொண்டேன். ஆனால் விலகன்மணி என்றால் எங்கள் பிள்ளைகள் அதை யாரோ ஒரு மாமாவின் பெயர் என்று நினைப்பார்கள். நென்மணி என்று எழுதாமல் நெல்மணி என்றுதானே எல்லாரும் எழுதுகிறோம்? அந்தத் துணிச்சலில் பெட்டிமேல் ‘விலகல்மணி’ என்று மார்க்கரில் எழுதியாயிற்று. மை காய்ந்துவிட்டது, மன்னியுங்கள்.