பலூன் காற்றின் அடர்த்தி 40 மடங்கு குறைவாக வருகிறது, எங்கே தவறு? உதவி தேவை

கீழத்தெரு டீச்சர்:

வணக்கம். அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். திடம், திரவம், வாயு மூன்றின் அடர்த்தியையும் பிள்ளைகளே அளந்து ஒப்பிட வேண்டும் என்பது திட்டம். முதல் இரண்டும் அழகாக வந்துவிட்டன. வாயுவில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

இதுவரை கிடைத்தவை, கன சென்டிமீட்டருக்குக் கிராம் கணக்கில்:

இரும்பு போல்ட்: 7.8
அலுமினியத் துண்டு: 2.7
தண்ணீர்: 1.0
தேங்காய் எண்ணெய்: 0.92
காற்று: 0.00003

காற்றுக்குச் செய்தது இதுதான். 500 கிராம் வரை தாங்கும், 0.01 கிராம் வரை காட்டும் சின்ன எலக்ட்ரானிக் தராசு இருக்கிறது. ஊதாத பலூனும் கட்டும் நூலும் சேர்ந்து 3.12 கிராம். பம்பில் காற்றடித்துக் கட்டிய பிறகு 3.27 கிராம். பலூனின் சுற்றளவு 66 செ.மீ. உருண்டை என்று வைத்துக் கணக்கிட்டால் 4.85 லிட்டர். அதாவது 0.15 கிராமை 4.85 லிட்டரால் வகுத்தால், லிட்டருக்கு 0.03 கிராம். புத்தகத்திலோ 1.2 என்றும் 1.29 என்றும் இருக்கிறது.

மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தியும் பார்த்தாயிற்று. மாற்றமில்லை. இந்த எண்ணைப் பிள்ளைகளிடம் கொடுக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

வேலூர் தம்பி:

டீச்சர், தராசு போதாது என்று நினைக்கிறேன். காற்று ரொம்ப லேசு. கல்லூரி லேபில் இருப்பது போல 0.0001 கிராம் காட்டும் தராசு கிடைத்தால் சரியாக வரும்.

பழைய லேப்:

தம்பி சொல்வது போல் தராசில் குறை இல்லை. 4.85 லிட்டர் காற்று, நம் ஊர் 30 டிகிரி வெப்பத்தில், ஏறக்குறைய 5.6 கிராம் இருக்கும். டீச்சரின் தராசுக்கு அது பெரிய எடை. எவ்வளவு நுணுக்கமான தராசைக் கொண்டுவந்தாலும் அந்த 0.15தான் இன்னும் துல்லியமாகத் தெரியும்.

காரணம் மிதப்பு விசை. ஒரு பிளாஸ்டிக் பையில் தண்ணீர் நிரப்பி, அதைக் கிணற்றுக்குள் மூழ்கவிட்டு எடை பார்த்தால் என்ன காட்டும்? ஒன்றுமே காட்டாது. உள்ளே இருக்கும் தண்ணீரின் எடை எவ்வளவோ, அவ்வளவையே வெளித் தண்ணீர் மேலே தள்ளிவிடும். பலூனுக்கும் அதேதான். நாம் காற்றுக்குள் நின்று காற்றை எடை போடுகிறோம். 4.85 லிட்டர் காற்றை உள்ளே அடைத்தால் பலூன் 4.85 லிட்டர் காற்றை வெளியே விலக்குகிறது. இரண்டும் கழிந்துபோகும்.

அப்படியானால் 0.15 எங்கிருந்து வந்தது? ரப்பர் இழுத்துப் பிடிப்பதால் உள்ளே அழுத்தம் வெளியைவிட இரண்டு, மூன்று சதவீதம் கூடுதல். அந்தக் கூடுதல் நெருக்கத்தின் எடைதான் தராசில் விழுகிறது. 5.6 கிராமில் அது 0.11 முதல் 0.17 வரை. உங்கள் எண் அதற்குள்ளேயே இருக்கிறது, டீச்சர். அளவு சரி. அளக்கப்பட்டதுதான் நீங்கள் நினைத்தது இல்லை.

இரும்புக்கும் தண்ணீருக்கும் இது ஏன் தெரியவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். அங்கும் மிதப்பு விசை உண்டு. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அதைக் காற்று மேலே தள்ளுவது ஒரு கிராமுக்குச் சற்று மேல். ஆயிரத்தில் ஒரு பங்கு யார் கண்ணிலும் படாது. வாயுவை எடை போடும்போதோ கழிக்கப்படுவதும் அளக்கப்படுவதும் ஒரே அளவு. மூன்று நிலைகளையும் ஒரே முறையில் அளக்கலாம் என்று பாடநூல்கள் சொல்லாமல் சொல்லிவிடுகின்றன. அதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தீர்வு: கன அளவு மாறாத பாத்திரத்தில் காற்றை அழுத்தி அடைக்க வேண்டும். பள்ளியில் கால்பந்து இருக்குமே, அது போதும். 5ஆம் எண் பந்து 410 முதல் 450 கிராம்தான், உங்கள் தராசு தாங்கும்.

பந்தில் அச்சிட்டிருக்கும் அழுத்தம் வரை கெட்டியாகக் காற்றடியுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தராசில் செல்லோடேப் வளையத்தை வைத்து, பூஜ்யமாக்கி, அதன்மேல் பந்தை உட்காரவைத்து எடையைக் குறியுங்கள். காற்றடிக்கும் ஊசியை மெல்லிய ரப்பர் குழாயில் செருகிக்கொள்ளுங்கள். ஒரு பக்கெட்டில் தண்ணீர் பிடித்து, அதில் ஒரு லிட்டர் பாட்டிலை முழுக்க நிரப்பிக் கவிழ்த்துப் பிடித்து, குழாயின் மறுமுனையை அதன் வாய்க்குள் விடுங்கள். இனி ஊசியைப் பந்தில் குத்தினால் காற்று குமிழிட்டு வந்து தண்ணீரை வெளியேற்றும். பாட்டில் நிறைந்ததும் ஊசியை உருவிவிட்டு அடுத்த பாட்டில். இரண்டு லிட்டர் போதும். பந்து தொளதொளவென்று ஆகும்வரை விடாதீர்கள். பந்து சுருங்கினால் மிதப்பு விசையும் மாறிவிடும். பிறகு மறுபடி எடை. குறைந்த எடையை இரண்டால் வகுத்தால் ஒரு லிட்டர் காற்றின் எடை.

பாட்டிலில் சேர்ந்த காற்று வெளிக்காற்றின் அழுத்தத்தில்தான் இருக்க வேண்டும். அதற்கு உள்ளே இருக்கும் தண்ணீர் மட்டமும் பக்கெட் தண்ணீர் மட்டமும் ஒன்றாக வரும்படி பாட்டிலைப் பிடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீலகிரி வாசகி:

இந்த முறைக்கு வயது அதிகம். கலிலியோ 1638இல் அச்சான தன் நூலில் ஏறக்குறைய இதையேதான் விவரிக்கிறார். கண்ணாடிக் குடுவைக்குள் காற்றைத் திணித்து எடை போட்டு, கூடுதல் காற்றைத் திறந்துவிட்டு மறுபடி எடை போட்டு, அந்தக் காற்று எவ்வளவு இடம் பிடிக்கிறது என்பதை அது வெளியேற்றும் தண்ணீரைக் கொண்டு அளக்கிறார். தண்ணீர் காற்றைவிட 400 மடங்கு கனம் என்ற முடிவுக்கு வந்தார். உண்மையில் 800க்கு மேல். ஆனாலும் காற்றுக்கு எடை உண்டு என்பதையே பலர் ஏற்காத காலத்தில் கிடைத்த எண் அது. வகுப்பில் கட்டாயம் சொல்லுங்கள், டீச்சர். பிள்ளைகள் கலிலியோவைவிட நெருங்கிவிடுவார்கள்.

புத்தகத்தில் இரண்டு எண்கள் இருப்பதற்குக் காரணம் வெப்பநிலை. 1.29 என்பது 0 டிகிரியில், 1.2 என்பது 20 டிகிரியில். 30 டிகிரியில் 1.16 வரும், ஈரப்பதம் இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையும். நான் இருக்கும் மலையில் காற்றழுத்தமே குறைவு என்பதால் இங்கே ஒரு லிட்டர் காற்று ஒரு கிராம்கூட இருக்காது. இரும்புக்கும் தண்ணீருக்கும் ஊர் பார்க்க வேண்டியதில்லை. வாயுவின் அடர்த்தியை எழுதினால் பக்கத்தில் வெப்பநிலையும் அழுத்தமும் எழுதியே ஆக வேண்டும்.

கீழத்தெரு டீச்சர்:

இருவருக்கும் மிக்க நன்றி! பிள்ளைகளோடு சேர்ந்து செய்தோம். பந்து முதலில் 438.62 கிராம். இரண்டு பாட்டில் காற்று எடுத்த பிறகு 436.31. வித்தியாசம் 2.31. லிட்டருக்கு 1.155 கிராம்! ஊசியை உருவும்போது கொஞ்சம் காற்று சிந்தியிருக்கலாம், ஆனாலும் எல்லோருக்கும் சந்தோஷம்.

பட்டியலை நிரப்பியதும் அடுத்த சந்தேகம் வந்துவிட்டது. "திடம்தான் எப்போதும் அடர்த்தி அதிகம், அடுத்தது திரவம், கடைசியில் வாயு" என்று எழுதப் போனபோது ஒரு பையன், தேங்காய் எண்ணெயைவிடத் தண்ணீர் அதிகமாக இருக்கிறதே, பாதரசம் இரும்பைவிட அதிகமாமே என்று கேட்டான். அந்த வாக்கியத்தை எப்படித் திருத்துவது?

பழைய லேப்:

கேட்ட பையனுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். பாதரசம் 13.6, அதில் இரும்பு போல்ட் மிதக்கும். லித்தியம் ஒரு உலோகம், அடர்த்தி 0.53தான், மண்ணெண்ணெயிலேயே மிதக்கும். ஆகவே வெவ்வேறு பொருள்களை நிறுத்தி வரிசை போட முடியாது. அணுவின் எடையும் சேர்ந்துகொள்ளும்.

ஒரே பொருளின் மூன்று நிலைகளை ஒப்பிட்டால் வரிசை பெரும்பாலும் நிற்கும். உறைந்த தேங்காய் எண்ணெய்க் கட்டியை உருகிய எண்ணெயில் போடுங்கள், அடியில் போய்விடும். மெழுகும் அப்படியே. விதிவிலக்குகளில் நமக்குப் பழக்கமானது தண்ணீர்: பனிக்கட்டி 0.917, மிதக்கிறது. உறையும்போது மூலக்கூறுகள் இடைவெளி விட்டு அடுக்கிக்கொள்வதுதான் காரணம்.

ஆனால் பலகையில் பெரிதாக எழுத வேண்டியது வேறு. திடத்துக்கும் திரவத்துக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாகச் சில சதவீதம், மிஞ்சினால் பத்து, இருபது சதவீதம். திரவத்துக்கும் வாயுவுக்கும் உள்ள வித்தியாசமோ ஆயிரம் மடங்கு. 100 டிகிரியில் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகும்போது அதன் இடம் 1600 மடங்கு பெருகுகிறது. 1600க்குக் கனமூலம் எடுத்தால் 12க்குக் கொஞ்சம் கீழே. அதாவது மூலக்கூறுகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய 12 மடங்காகிறது. திடத்திலும் திரவத்திலும் அவை ஒன்றையொன்று தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அதனால்தான் அந்த இரண்டும் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன.

வேலூர் தம்பி:

அப்போ வாயுக்களுக்கு பலூன் எதற்குமே உதவாதா?

பழைய லேப்:

உதவும் தம்பி. பலூன் காட்டுவது உள்ளே இருக்கும் வாயுவுக்கும் வெளிக்காற்றுக்கும் உள்ள வித்தியாசம். கார்பன் டை ஆக்சைடு 30 டிகிரியில் லிட்டருக்கு 1.77 கிராம், காற்றைவிட 0.6 கூடுதல். இரண்டு லிட்டர் பலூனில் 1.2 கிராம் ஏறித் தெரியும். காற்றின் எண்தான் இப்போது டீச்சரிடம் இருக்கிறதே, அதைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஒரு பாட்டிலில் 150 மில்லி வினிகர், பலூனுக்குள் 8 கிராம் ஆப்பசோடா. பலூனை பாட்டில் வாயில் இறுக்கி மாட்டி, சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நுரை பொங்கி பலூனுக்குள் ஏறிவிடும். ஒட்டிக்கொள்ளும் ஈரமும் எடையில் சேர்ந்துவிடும். பாட்டிலில் முன்பே இருந்த காற்றும் பலூனுக்குள் வரும் என்பதால் சின்ன பாட்டிலாக எடுங்கள். பலூனின் வாயைக் கட்டிக் கழற்றி எடை போட்டபின், வாயுவை வெளியேற்றி, உட்புறத்தைத் துடைக்காமல் அந்த ஈரத்தோடும் அதே நூலோடும் மறுபடி எடை பாருங்கள். முதல் எடையாக அதையே வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் திறந்த அறையில் செய்யுங்கள், எடை போடும் நேரத்துக்கு மட்டும் சாத்தினால் போதும்.