ராட்டினக்காரர்களும் ரோமானிகளும் ஒன்றா?

கேள்வி: இங்கிலாந்தின் ஹல் நகரில் அக்டோபரில் நடக்கும் கேளிக்கைச் சந்தையில் ராட்டினம் ஓட்டும் பெரியவரிடம், "நீங்கள் ரோமானி இனத்தவரா?" (ஜிப்சி என்று சொல்வார்களே, அந்த இனம்) என்று கேட்டுவிட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நான் ஷோமேன்", அதாவது ஊர் ஊராகச் சந்தைகளில் ராட்டினம் ஓட்டும் தொழில்காரர், என்றார். நான் கேட்டதில் என்ன தவறு?

பதில்: தம்பி, நான் இங்கிலாந்தில் ஆசிரியை. ராட்டினக்காரர், ரோமானி இரு தரப்புப் பிள்ளைகளும் என்னிடம் படித்திருக்கிறார்கள். ராட்டினக்காரர் பிள்ளைகள் சீசன் முடிந்து குளிர்காலத்தில்தான் தொடர்ந்து வகுப்புக்கு வருவார்கள். இரு தரப்பையும் ஒரே பட்டப்பெயரால் கூப்பிட்டு மற்ற பிள்ளைகள் அழவைத்ததைக் கண்ணால் பார்த்தவள் நான். அந்தக் காயம் பழையது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஸ்மித் என்ற சமூகச் சீர்திருத்தவாதி, வண்டியில் வாழும் எல்லோரையும் ஒரே சட்டத்தால் கட்டுப்படுத்தப் பார்த்தார். அதை எதிர்த்து 1889இல் ஷோமேன்கள் சங்கம் அமைத்தார்கள். 'நாங்கள் தொழில் செய்பவர்கள், ஜிப்சிகள் அல்ல' என்று வாதாடினார்கள். வாதம் அவர்களைக் காப்பாற்றியது, ரோமானிகளைக் கைவிட்டது. எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான். இத்தனைக்கும் இரு தரப்புக்கும் இடையே திருமண உறவுகள் உண்டு, ரோமானிச் சொற்களும் ராட்டினக்காரர் பேச்சில் கலந்திருக்கின்றன.

பதில்: அக்கா சொன்னது சரி. சட்டமும் பிரித்தே பார்க்கிறது. ரோமானிகளை ஓர் இனமாக 1988இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஏற்றது. ஷோமேன்களைத் தொழில்வழிச் சமூகமாகவே கருதுகிறார்கள். ஸ்காட்லாந்தின் 2022 கணக்கெடுப்பில் மட்டும் இனக் கேள்வியில் அவர்களுக்குத் தனிக் கட்டம் வந்தது.

கேட்டவர்: நன்றி அக்கா. அடுத்த அக்டோபரில் அந்தப் பெரியவரைத் தேடிப்போய், அவர் குடும்பம் எத்தனை தலைமுறையாக ராட்டினம் ஓட்டுகிறது என்று கேட்கிறேன்.