உருள்தடையா, உருளிழப்பா? டயர் கையேட்டுக்கு ஒரு சொல் வேண்டும்

கோவையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். புதிதாக மின்சாரக் கார் வாங்குவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சக்கர அளவு, டயர் தேர்வு பற்றிய பகுதியில் நிற்கிறேன். 16 அங்குல ரிம்மை விட்டு 18 அங்குலத்துக்குப் போனால் ஒரு சார்ஜில் ஓடும் தூரம் குறையலாம் என்று சொல்லி, எடை, காற்றெதிர்ப்பு ஆகியவற்றோடு 'ரோலிங் ரெசிஸ்டன்ஸ்' என்பதையும் காரணமாகக் காட்டுகிறார்கள். 'உருளும் உராய்வு' என்று போட்டிருந்தேன். சரிபார்த்த பொறியாளர் அடித்துவிட்டார். வேறு சொல் தாருங்கள்.

சென்னையிலிருந்து (டயர்த் துறையில் இருப்பவன்):

அடித்தது சரிதான். இதில் உராய்வின் பங்கு சிறிது. வண்டியின் எடையில் டயரின் அடிப்பக்கம் நசுங்குகிறது, உருண்டு மேலே போனதும் மீள்கிறது. நசுங்கும்போது செலவான ஆற்றல் முழுதும் திரும்பி வருவதில்லை. மீதி ரப்பருக்குள்ளேயே வெப்பமாகிவிடும். நெடுஞ்சாலையில் ஓட்டி நிறுத்தியதும் டயரைத் தொட்டால் தெரியும். ஐரோப்பிய முத்திரையில் 'ஏ' தரக் கார் டயருக்கு இது டயர் தாங்கும் ஒரு டன் எடைக்கு 6.5 கிலோ விசையைத் தாண்டக் கூடாது. கடைசித் தரமான 'ஈ' 10.6-இல் தொடங்குகிறது. ஒன்றரை டன் காருக்குக் கணக்குப் போட்டால் சுமார் 10 கிலோ விசை ஒரு பக்கம், 16 கிலோ மறுபக்கம். பேட்டரிக்கு இது சின்ன விஷயமில்லை. 'உருள்தடை' என்று போடுங்கள்.

மதுரையிலிருந்து:

பொருள் சரி, வடிவம் சரியில்லை. 'உருள்' பெயர்ச்சொல் என்றால், பொருள்+தன்மை பொருட்டன்மை ஆவதுபோல 'உருட்டடை' என்றுதான் புணரும். வினை என்றால், தடையா உருள்கிறது? அப்புறம், ரிம், ஸ்போக்ஸ் எல்லாம் எதற்கு? பெரும்பாணாற்றுப்படையில் உப்பு வணிகரான உமணரின் வண்டிச் சக்கரம் 'கொழுஞ்சூட்டு அருந்திய திருந்துநிலை ஆரத்து முழவின் அன்ன முழுமர உருளி' என்று வருகிறது. ரிம்முக்குச் சூட்டு, ஸ்போக்ஸுக்கு ஆரம், வீலுக்கு உருளி. மூன்றும் கையிலேயே இருக்கின்றன.

யாழ்ப்பாணத்திலிருந்து:

ஐயா, சுடுகாட்டில் காடா சுடுகிறது? குடிநீரில் நீரா குடிக்கிறது? வினைத்தொகைக்கு எழுவாய் உறவுதான் வேண்டும் என்ற விதி இல்லையே. உருள்தடை நிற்கும். 'சூட்டு' மட்டும் வேண்டாம். டயர் சூடாவதைப் பற்றிய பத்தியில் அது வந்தால் வாசிப்பவர் வெப்பம் என்றுதான் எடுப்பார். எங்கள் பக்கம் சக்கரத்தைச் சில்லு என்போம், டயரை ரயர் என்று எழுதுவோம். கையேடு இங்கும் வரும் என்றால் ஓரிடத்தில் 'சில்லு' என்றும் சேர்த்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து (பாலிடெக்னிக் ஆசிரியை):

எனக்கு உருள்தடையில் உடன்பாடில்லை. மின்வண்டி வகுப்பில் தடை என்றால் மின்தடை. பேட்டரியின் அகத்தடையை நடத்திவிட்டு அடுத்த பாடத்தில் டயருக்கும் ஒரு தடை என்றால் மாணவர்கள் ஓம் கணக்கில் போய் நிற்பார்கள். டயரில் பட்டன் போய் மொட்டையாகிவிட்டது என்று பேசுகிற பிள்ளைகளுக்கு 'உருளிழப்பு' ஒரே வீச்சில் புரியும்.

இன்னொன்று. 215/60 ஆர்16 டயரில் அந்த அளவை அடுத்து 95 என்று இருந்தால் ஒரு டயர் 690 கிலோ தாங்கும். பேட்டரியால் மின்சாரக் கார் கனமானது. பார்வைக்கு அழகென்று இந்த எண் குறைந்த டயரை மாட்டக் கூடாது. இதற்குச் 'சுமைக் குறியெண்' போதும். 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்ற குறளைப் பக்கத்திலேயே போடுங்கள்.

சென்னையிலிருந்து:

சுமைக் குறியெண் அருமை. ஆனால் அக்கா, இழப்பு என்பது ஆற்றல். நாம் அளப்பது விசை.

சேலத்திலிருந்து:

ஒரு மீட்டர் ஓடினால் எத்தனை ஜூல் போகிறது என்பதுதான் தம்பி அந்த விசை. ஜூலை மீட்டரால் வகுத்தால் நியூட்டன்தானே? நசுங்கி மீள்வதில் ஆற்றல் போகிறது என்று முதலில் விளக்கியதே நீங்கள்தான்.

மதுரையிலிருந்து:

உருளிழப்பில் புணர்ச்சிக் குறையே இல்லை. உருட்டடையை ஏற்க மாட்டீர்கள் என்றால் என் வாக்கு இதற்கு.

கோவையிலிருந்து:

மிக்க நன்றி. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் உருள்தடைப் பக்கமே ஆட்கள் அதிகம், அதையே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் 'டயர் நசுங்கி மீள்வதால் வரும் இழப்பு' என்று விளக்கம் இருக்கும். டயர், ரிம், சக்கரம் அப்படியே. சில்லு அடிக்குறிப்பில் வரும். 215/60 ஆர்16-இன் மொத்த விட்டம் 664 மில்லிமீட்டர், 215/55 ஆர்17-க்கு 668. ரிம் பெரிதானாலும் வேகமானி அவ்வளவாகப் பிசகாது என்ற அட்டவணையையும் சேர்த்தாயிற்று. இந்த அளவுகளில் வரும் 60, 55 என்ற பக்கச்சுவர் விகிதத்துக்கு (பக்கச்சுவரின் உயரம் டயர் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது) இன்னும் சொல் கிடைக்கவில்லை, நாளை மாலைக்குள் வந்தால் நல்லது.

சேலத்திலிருந்து:

அச்சில் எப்படி வந்தாலும் என் வகுப்புக் குறிப்பில் உருளிழப்புதான். விகிதத்துக்கு 'உயர விகிதம்' போதாதா?

மதுரையிலிருந்து:

எதன் உயரம்?