வைஃபை கோடு ஃபுல், ஆனால் நெட் இல்லை. மழை வந்தால் கண்டிப்பாகப் போகிறது. அவசரம்!

தேயிலைச்சரிவு (மாலை 6.12)
வணக்கம். கோத்தகிரியில் மாமாவின் ஹோம்ஸ்டேயை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். மூன்று நாளாக ஒரே தலைவலி. போனில் வைஃபை முழுதாகக் காட்டுகிறது, கீழே "இணையம் இல்லை" என்று வருகிறது. மேகம் இறங்கி மழை பிடித்தால் போய்விடும், வெயில் வந்தால் தானாகச் சரியாகும். ரவுட்டரை அணைத்துப் போட்டாயிற்று. நாளை மறுநாள் சென்னையிலிருந்து ஒரு குடும்பம் வருகிறது. அதில் ஒருவர் இங்கிருந்தே ஆபீஸ் வேலை பார்ப்பாராம். சீக்கிரம் சொல்லுங்கள்.

குன்னூர்க்காரன் (6.20)
எத்தனை கட்டடம்? எத்தனை ரவுட்டர்? எல்லா போனிலுமா, சிலதில் மட்டுமா? கேபிளில் இணைத்த கம்ப்யூட்டர் இருந்தால் அதில் வருகிறதா?

மூடுபனி (6.24)
மேகம்தான் காரணம். எங்கள் வீட்டில் கனமழை பெய்தால் டிவி குடையில் படம் கட்டம் கட்டமாக உடையும். அதே கதைதான்.

நெட்வொர்க்_வாத்தியார் (6.31)
"நெட் வரவில்லை" என்பது டாக்டரிடம் போய் "உடம்பு சரியில்லை" என்பது போல. ரவுட்டர் என்றால் என்ன, சுவிட்ச் என்றால் என்ன என்று முதலில் படித்துவிட்டு வாருங்கள். லேன் (வீட்டுக்குள் இருக்கும் நெட்வொர்க்) எங்கே முடிகிறது, வெளி இணைப்பு எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் எத்தனை முறை அணைத்துப் போட்டும் பயன் இல்லை.

தேயிலைச்சரிவு (6.50)
மன்னிக்கவும் சார். மேலே வீடு, கீழே இரண்டு காட்டேஜ். மேலே ஃபைபர்காரர்கள் வைத்த பெட்டி. அதிலிருந்து ஒரு கேபிள் கீழே போகிறது, கீழே பழைய வைஃபை ரவுட்டர். போன மாதம் மாமா பையன் மாட்டிக் கொடுத்தான். தூரம் கொஞ்சம்தான்.

நெட்வொர்க்_வாத்தியார் (6.55)
நினைத்தேன். "கொஞ்சம்" என்று ஒரு அளவு கிடையாது. செம்புக் கேபிளில் ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர்தான் வரம்பு. மலையில் கண்ணுக்குப் பக்கமாகத் தெரிவது படி வழியாக இழுத்தால் இரட்டிப்பாகும். கேபிள் நீளம்தான், வேறு எதுவும் இல்லை.

தேயிலைச்சரிவு (7.02)
கடையில் 60 மீட்டர்தான் வாங்கினோம் சார். அதிலும் மீதியைச் சுருட்டி படிக்கட்டு ஓரம் வைத்திருக்கிறது.

மூடுபனி (7.05)
அந்தச் சுருளில் தண்ணீர் இறங்கியிருக்கும். நான் சொன்னேனே, ஈரம்.

குன்னூர்க்காரன் (7.11)
மூடுபனி, டிவி குடைக்கு வரும் அலை 11, 12 கிகாஹெர்ட்ஸ். அதைக் கனமழை தடுக்கும். வைஃபை 2.4 அல்லது 5. அறைக்குள் இருக்கும் போனுக்கு மூடுபனி ஒன்றும் செய்யாது. நடுவில் நனைந்த மரக்கிளை நின்றால் கொஞ்சம் குறையும், அப்போதும் கோடு குறைய வேண்டுமே. இவருக்குக் கோடு முழுதாக நிற்கிறது. போனுக்கும் பெட்டிக்கும் பேச்சு நன்றாகத்தான் இருக்கிறது, அதற்கு அப்பால்தான் சிக்கல்.

தேயிலைச்சரிவு, நெட் வரும் போன் ஒன்று, வராத போன் ஒன்று எடுங்கள். வைஃபை விவரத்தில் ஐபி முகவரி (போனுக்குக் கிடைத்த எண்), கேட்வே (வெளியே போகும் வாசல்) என்று இருக்கும். நான்கு எண்களையும் இங்கே போடுங்கள். இன்னொன்று: மழை வந்தால் கரண்ட் போகுமா?

கோஆக்ஸ்_தாத்தா (7.30)
குறுக்கே வருகிறேன், கோபிக்க வேண்டாம். 1999இல் ஊட்டி சேரிங்கிராஸ் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பத்து கம்ப்யூட்டர், எல்லாம் டிவி கேபிள் மாதிரியான ஒரே கோஆக்ஸ் கேபிளில் வரிசையாக. அசல் பஸ் டோபாலஜி, அதாவது ஒரே வயரில் எல்லாரும் தொங்கும் அமைப்பு. கேபிள் முனையை மூடும் 50 ஓம் டெர்மினேட்டரை ஒரு பையன் கழற்றிப் பார்த்தான், பத்தும் படுத்துவிட்டது. இப்போது எல்லாம் ஸ்டார், நடுவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஆளுக்கு ஒரு வயர்; ஒரு வயர் போனால் ஒரு ஆள்தான் போவார். இவர் வீட்டிலும் ஸ்டார்தான், அதனால் பயம் வேண்டாம்.

நெட்வொர்க்_வாத்தியார் (7.34)
ஐயா, அது ஸ்டார் இல்லை. ஒரு ஸ்டாரின் கையில் இன்னொரு ஸ்டார் தொங்கினால் அதற்கு ட்ரீ என்று பெயர்.

கோஆக்ஸ்_தாத்தா (7.41)
தேர்வு எழுதுகிறவருக்கு அது ட்ரீ. கேபிள் இழுக்கிறவனுக்கு இரண்டு பெட்டி, ஒரு வயர்.

நெட்வொர்க்_வாத்தியார் (7.43)
இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் அடிப்படையே தெரியாத ஒரு தலைமுறை வந்திருக்கிறது.

மூடுபனி (7.50)
ரிங் டோபாலஜியில் (வயரை வட்டமாக) போட்டால் இந்தப் பிரச்சனை வராது என்று கல்லூரியில் படித்த ஞாபகம்.

குன்னூர்க்காரன் (7.52)
தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள், அவர் அதைச் செய்துவிடப் போகிறார். பல வயர்களை இணைக்கும் சாதாரண நெட்வொர்க் சுவிட்சில் இன்னொரு வயரைச் சுற்றிப் போட்டால் ஒரே தகவல் வட்டமடித்துப் பெருகி எல்லாமே நின்றுவிடும். தேயிலைச்சரிவு, அதைத் தொடாதீர்கள். எண்கள் எங்கே?

தேயிலைச்சரிவு (இரவு 9.15)
இப்போதுதான் கரண்ட் வந்தது, அதனால் தாமதம். மழை என்றால் கரண்ட் போவது தினமும் நடப்பதுதானே, அதனால் சொல்லவில்லை.
வரும் போன்: 192.168.1.7, கேட்வே 192.168.1.1
வராத போன்: 192.168.0.104, கேட்வே 192.168.0.1
கீழே இரண்டு கேமராவும் இருக்கிறது, இரவில் காட்டு மாடு வந்தால் மேலே டிவியில் பார்ப்போம். அதுவும் சில நேரம் நின்றுபோகும். அது வேறு பிரச்சனை என்று விட்டுவிட்டேன்.

குன்னூர்க்காரன் (9.28)
எல்லாம் ஒரே பிரச்சனைதான். உங்கள் மேகத்துக்குப் பெயர் டிஹெச்சிபி.

போன் வைஃபையில் சேர்ந்ததும் "எனக்கு ஒரு முகவரி கொடு" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கூவும். முகவரி கொடுக்கும் வேலைக்குத்தான் டிஹெச்சிபி என்று பெயர், அதைச் செய்யும் ஆள் ஒருவர்தான் இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் இருவர்: மேலே ஃபைபர் பெட்டி, கீழே பழைய ரவுட்டர். மாமா பையன் மேல் பெட்டியின் லேன் போர்ட்டையும் கீழ் ரவுட்டரின் லேன் போர்ட்டையும் வயரால் இணைத்திருப்பார். யார் முந்துகிறாரோ அவர் முகவரி. மேல் பெட்டி கொடுத்தால் நெட் வரும். கீழ் ரவுட்டர் கொடுத்தால் "வெளியே போக என்னிடம் வா" என்று தன்னையே கேட்வேயாகக் காட்டும். அதற்கு வெளியே போக வழியே இல்லை.

மழை ஏன்? கரண்ட் திரும்பியதும் பழைய சின்ன ரவுட்டர் சட்டென்று எழுந்துவிடும். ஃபைபர் பெட்டி எழுந்து நிற்கப் பெரும்பாலும் கூடுதல் நேரம் எடுக்கும். அந்த இடைவெளியில் சேர்ந்தவர்கள் எல்லாரும் தவறான முகவரியோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் எப்போதாவது விட்டுச் சேரும்போது மேல் பெட்டி முந்திக்கொண்டால் நெட் வருகிறது, நீங்கள் வெயிலுக்கு நன்றி சொல்கிறீர்கள்.

நெட்வொர்க்_வாத்தியார் (9.36)
மேலிருந்து வரும் வயரைக் கீழ் ரவுட்டரின் வான் (WAN, வெளி இணைப்பு) போர்ட்டில் மாட்டினால் ஒரே நிமிட வேலை. இதற்கு இவ்வளவு புராணமா?

குன்னூர்க்காரன் (9.41)
நெட் வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீழே இருப்பதெல்லாம் தனி நெட்வொர்க்காகிவிடும். மேலே இருக்கும் ரெக்கார்டர் கேமராவை எட்டாது, காட்டு மாடு வாசலுக்கு வந்தபிறகுதான் தெரியும்.

இப்படிச் செய்யுங்கள். கீழ் ரவுட்டரில் இருந்து மேல் வயரைக் கழற்றுங்கள். போனைக் கீழ் வைஃபையில் சேர்த்து, பிரவுசரில் 192.168.0.1 திறந்து, அதன் லேன் முகவரியை 192.168.1.250 ஆக்குங்கள். அது திரும்ப எழுந்ததும் புதிய முகவரியில் உள்ளே போய் டிஹெச்சிபியை அணையுங்கள். அப்புறம் வயரை லேன் போர்ட்டிலேயே மாட்டுங்கள், வான் போர்ட் காலியாக இருக்கட்டும். மேல் பெட்டி 254 வரை முகவரி கொடுப்பதாக இருந்தால் 200 வரை சுருக்கிவிடுங்கள், இல்லையென்றால் அந்த 250ஐ யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிடும். கேமராக்களையும் ரெக்கார்டரையும் ஒருமுறை அணைத்துப் போடுங்கள்.

கோஆக்ஸ்_தாத்தா (9.58)
தம்பி, வயரைத் தொடும்போது இன்னொன்றையும் யோசி. இரண்டு கட்டடத்துக்கு நடுவே திறந்த வெளியில் செம்பு இழுப்பது இடிக்கு வெற்றிலை பாக்கு வைப்பது மாதிரி. ஐப்பசி மழையில் பக்கத்தில் ஒரு இடி விழுந்தால் போதும், இரண்டு முனையிலும் போர்ட் கருகும். எனக்குக் கருகியிருக்கிறது. ஃபைபர் இழுத்து இரண்டு பக்கமும் மீடியா கன்வெர்ட்டர் (ஃபைபரின் ஒளியைச் செம்பு வயருக்கு மாற்றும் பெட்டி) வைத்துவிடு. கண்ணாடி இழையில் மின்சாரம் போகாது. உள்ளே இரும்புக் கம்பி வைக்காத ஃபைபராகக் கேட்டு வாங்கு.

மூடுபனி (10.04)
ஆக மழைதான் காரணம்.

குன்னூர்க்காரன் (10.05)
…

தேயிலைச்சரிவு (மறுநாள் இரவு 8.40)
250 போட்டேன், டிஹெச்சிபி அணைத்தேன். சாயங்காலம் இரண்டு முறை கரண்ட் போய் வந்தது, எல்லா போனிலும் நெட் இருக்கிறது. கேமராவும் வருகிறது. நன்றி அண்ணா. ஃபைபர் பற்றி மாமாவிடம் சொன்னேன், சீசன் முடியட்டும் என்கிறார்.

கோஆக்ஸ்_தாத்தா (8.52)
சீசன் முடியும்வரை இடி காத்திருக்குமா என்று மாமாவிடம் கேள். சரி, அந்த மீதிச் சுருளையாவது படிக்கட்டிலிருந்து எடுத்தாயா?