முள்ளம்பன்றி முள் தைத்த சிப்பிப்பாறை நாய்: உள்ளே முறிந்த முள்ளை என்ன செய்வது?

கேள்வி (மேடவாக்கம்)

அனைவருக்கும் வணக்கம். மதுராந்தகத்தை அடுத்த எங்கள் தோட்டத்தில் வளரும் மூன்று வயதுச் சிப்பிப்பாறை நாய், நேற்றிரவு வேர்க்கடலைக் கொல்லைக்கு வந்த முள்ளம்பன்றியை விரட்டிப் போய், முகத்திலும் மார்பிலும் முட்கள் தைத்த நிலையில் திரும்பியது. காவலுக்கு இருக்கும் பெரியவர் அதன் வேதனையைப் பொறுக்காமல் சில முட்களைக் கையால் பிடுங்கியபோது, மேலுதட்டில் இருந்த ஒன்று தோல் மட்டத்தில் முறிந்துவிட்டது. மார்பில் ஒன்றும் முன்காலில் இரண்டும் அப்படியே நிற்கின்றன. இப்போதுதான் நாயைச் சென்னைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். முள்ளை நடுவில் வெட்டினால் உள்ளிருக்கும் காற்று போய், எளிதாகக் கழன்றுவிடும் என்று ஊரில் சொல்கிறார்கள். இது சரியா? மஞ்சள் பற்றுப் போடலாமா?

பதில் (வேப்பேரி, கால்நடை மருத்துவர்)

ஐயா, மார்பில் நிற்கும் முள்ளை எக்காரணத்தைக் கொண்டும் நீங்கள் தொட வேண்டாம். அது நெஞ்சறை வரை இறங்கியிருந்தால், பிடுங்கிய மறுகணமே அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே புகுந்து நுரையீரலைச் சுருங்கச் செய்யக்கூடும். நாய் வேகமாக மூச்சு வாங்கினாலோ, ஈறு வெளுத்தோ நீலமாகவோ தெரிந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காதீர்கள்.

வெட்டினால் கழலும் என்பது உண்மையன்று. முள்ளின் உட்புறம் பஞ்சு போன்றது. வெட்டினால் அது சிம்பு சிம்பாகப் பிளக்கும், பிடித்து இழுக்கவும் நுனி இராது. இணையத்தில் படிக்கும் செய்திகளில் பெரும்பாலானவை அமெரிக்க முள்ளம்பன்றியைப் பற்றியவை. அதன் முள் நுனியில் பின்னோக்கிய நுண்ணிய கொக்கிகள் உண்டு. நம் நாட்டு முள்ளம்பன்றியின் முள்ளில் அவை இல்லை. ஆனால் நம்முடையது தடித்தது. முள்ளை அது எய்வதில்லை. சிலிர்த்துக்கொண்டு பின்பக்கமாகப் பாய்ந்து குத்துகிறது. நீண்ட முட்களுக்கு அடியில் மறைந்திருக்கும் குட்டையான, உறுதியான முட்களே ஆழமாக இறங்குபவை. ஆகவே கண்ணுக்குத் தெரியும் முட்களைவிட, முள் குத்திவிட்டு விழுந்துபோன துளைகளைப் பற்றித்தான் நான் அதிகம் கவலைப்படுவேன். மயிருக்குள் விரலால் தடவி, இரத்தம் உறைந்த ஒவ்வொரு புள்ளியையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.

மஞ்சள் பற்று துளையின் வாயை அடைத்துச் சீழை உள்ளேயே தேக்கிவிடும், வேண்டாம். நமக்குத் தரும் வலி மாத்திரைகள் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், அவையும் வேண்டாம். மயக்கம் கொடுத்தே முட்களை எடுக்க வேண்டியிருக்கும் என்பதால் இப்போதிலிருந்து உணவு தராதீர்கள். சிப்பிப்பாறை, கன்னி போன்ற ஒல்லியான வேட்டை நாய்களுக்கு உடற்கொழுப்பு குறைவு. சில மயக்க மருந்துகளிலிருந்து தெளிய அவற்றுக்கு நேரமாகும். மருத்துவரிடம் இனத்தைத் தவறாமல் சொல்லுங்கள். முறிந்த முள் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். அல்ட்ராசவுண்டில் தெரிய வாய்ப்பு அதிகம். இங்குள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வந்தால் இரண்டையும் ஓரிடத்திலேயே பார்த்துவிடலாம்.

பதில் (பெரம்பூர்)

வேட்டை இன நாய்களை நெடுங்காலமாக வளர்ப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். வரும் வழியில் நாய் முன்காலால் முகத்தைத் தேய்க்க விடாதீர்கள். தேய்த்தால் நிற்கும் முள்ளும் முறியும். ஒருவர் பின் இருக்கையில் அமர்ந்து அதன் தலையை மடியில் பிடித்துக்கொள்வது நல்லது. வாய் வலிக்கும் நாய் வளர்த்தவரையும் கடிக்கும் என்பதால் கவனம் தேவை. முகத்தில் முள் இருக்கும்போது வாய்க்கட்டுப் போட இயலாது. நாக்கின் அடியையும் விரலிடுக்குகளையும் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே தைத்தவை எளிதில் கண்ணில் படுவதில்லை.

இரவில் நாயைக் கொட்டகையில் அடைத்து வையுங்கள். ஒருமுறை குத்துப்பட்ட நாய் அடுத்த முறை ஒதுங்கும் என்று நம்ப இடமில்லை. இந்த இனத்துக்கு ஓடுவதைத் துரத்துவது இரத்தத்தில் ஊறியது. முள்ளம்பன்றியைக் கொல்வதும் பொறி வைத்துப் பிடிப்பதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் தோட்டக் காவலுக்கு இருக்கும் பெரியவரிடம் சொல்லிவையுங்கள். கொல்லையைச் சுற்றி வலுவான கம்பி வலையை மண்ணுக்குள்ளும் இறக்கி அடிப்பதே வழி.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. உடனே வேப்பேரிக்குப் புறப்படுகிறோம். முட்களை எடுத்த பிறகு எவ்வளவு காலம் கவனிக்க வேண்டும்?

பதில் (வேப்பேரி, கால்நடை மருத்துவர்)

சில வாரங்களாவது தினமும் உடலைத் தடவிப் பாருங்கள். புதிய வீக்கம், சீழ், நொண்டல், இருமல், காய்ச்சல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், உள்ளே ஒரு துண்டு தங்கியிருக்கிறது என்றே கருதித் திரும்ப அழைத்து வர வேண்டும். எதிருயிரி (ஆன்டிபயாடிக்) மருந்தைப் புண் ஆறியதுபோல் தெரிந்ததும் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். வெறிநாய்த் தடுப்பூசி அட்டையையும் எடுத்து வாருங்கள். காட்டு விலங்கோடு மோதிய நாய்க்கு அது நடப்பில் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம்.