தானாகத் தரையிறங்கும் விமானம்: வீட்டுச் சிமுலேட்டரில் நீங்கள் கண்டது என்ன?

கல்லடியிலிருந்து:

திமிலைதீவில் இருக்கும் மட்டக்களப்பு விமான நிலையத்தில், வானொலி அலைகளால் விமானத்துக்கு இறங்கும் பாதையைக் காட்டும் ஐ.எல்.எஸ். கருவி இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரில் தானியங்கித் தரையிறக்கம் என்று பேச்செடுத்தாலே நம்மூர் நண்பர்கள் கேட்கும் முதற்கேள்வி, "திமிலைதீவில் இறக்குமா?" என்பதுதான். உண்மையான போயிங்கோ எயார்பஸ்ஸோ தானாக இறங்குவதற்கு ஓடுபாதையோரத்திலிருந்து இரண்டு வானொலி அலைகள் வரவேண்டும். ஒன்று நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசர். மற்றது ஏறத்தாழ 3 பாகைச் சரிவைக் காட்டும் கிளைட் ஸ்லோப். கட்டுநாயக்கவில் அவை உண்டு. திமிலைதீவில் விமானிக்குக் கண்ணும் கையும்தான் துணை.

சிமுலேட்டரில் இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது. நான் பாவிக்கும் துணைமென்பொருள் அலைகளைத் தேடுவதே இல்லை. ஓடுபாதையின் இரு முனைகளும் எங்கே இருக்கின்றன என்பதைச் சிமுலேட்டரின் தரவிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. விமானத்தின் உயரம், வேகம், திசை எல்லாவற்றையும், சிமுலேட்டரோடு மற்ற மென்பொருள்களைப் பேசவைக்கும் எஃப்.எஸ்.யூ.ஐ.பி.சி. வழியாக ஓயாமல் வாசித்து, தானே ஒரு சரிவுக்கோட்டைக் கணித்து, அதன்மேல் விமானத்தைக் கொண்டுவருகிறது. மெல்லத் தரைதொடுவதற்காக மூக்கை எந்த உயரத்தில் தூக்கவேண்டும் என்பதை நாம் மாற்றிக்கொள்ளலாம்.

நான் இன்னும் 2006இல் வந்த எஃப்.எஸ்.எக்ஸ். சிமுலேட்டரில்தான் இருக்கிறேன். (2013இல் திறந்த புதிய கல்லடிப் பாலம் அதில் இல்லை என்பது ஒரு பக்கக் கவலை.) அதனுடன் வரும் 737 விமானத்தின் ஓட்டோபைலட் கிளைட் ஸ்லோப்பை விடாமல் பிடித்துவரும், ஆனால் கடைசியில் மூக்கைத் தூக்கத் தெரியாது. 140 நொட் வேகத்தில் 3 பாகைச் சரிவு என்றால் நிமிடத்துக்கு 700 அடிக்கு மேல் இறக்கம். அப்படியே போய்த் தரையில் குத்தும். அந்த இறக்கத்தைக் கடைசி நொடிகளில் நிமிடத்துக்கு 200 அடிக்குள் கொண்டுவருவதற்குத்தான் துணைமென்பொருள் வேண்டியிருக்கிறது.

திமிலைதீவில் வாடைக் காற்றுக்கு 06 முனை, கச்சான் காற்றுக்கு 24 முனை (இறங்கும் திசை 60 பாகை என்றால் 06, 240 பாகை என்றால் 24). செஸ்னா கரவன் என்ற சிறு விமானத்தை வவுணதீவு வயல்களுக்கு மேலாக 06 முனைக்குக் கொண்டுவந்து, காற்றை நேர் வடக்கிலிருந்து 15 நொட் என்று வைத்துப் பார்த்தேன். வேகம் குலையவில்லை, உயரம் குலையவில்லை. மூக்கு மட்டும் காற்றின் பக்கம் திரும்பியபடியே இருந்தது. அதை ஓடுபாதைக்கு நேராக்காமலே சக்கரத்தை வைத்துவிட்டது மென்பொருள். வானத்தில் அவ்வளவு கெட்டித்தனம் காட்டிய ஒன்று, தரைக்கு ஓர் ஆள் உயரத்தில் வந்ததும் அக்கறையில்லாமல் நடந்துகொண்டது எனக்கு வியப்பாக இருந்தது. இப்போதெல்லாம் அந்தக் கடைசி இரண்டு நொடிகளுக்குச் சுக்கானை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன். மென்பொருள் அதைத் தடுப்பதில்லை.

உங்களுடையதையும் எழுதுங்கள்.

சம்மாந்துறையிலிருந்து:

எனக்குத் திமிலைதீவு வேண்டாம், கட்டுநாயக்க போதும். மச்சான் கத்தாரில் வேலை செய்கிறார். அவர் வரும் பாதையான தோஹா–கட்டுநாயக்கதான் எங்கள் வீட்டுக் கணினியின் நிரந்தரப் பயணம். நோன்பு இரவுகளில் தராவீஹ் முடிந்ததும் அவருடைய மகன் என் அறைக்கு வந்துவிடுவான். முழுப் பயணத்துக்கும் யாருக்கும் பொறுமை இல்லை. இறங்கத் தொடங்கும் கட்டத்தைச் சேமித்துவைத்து அங்கிருந்து தொடங்குவோம்.

நாங்கள் பாவிப்பது, சிமுலேட்டருக்கு விமானங்கள் செய்துதரும் பி.எம்.டி.ஜி. நிறுவனத்தின் போயிங் 777. அதில் மூன்று ஓட்டோபைலட்டுகள்.

"மூன்றும் ஒன்றாகவா ஓட்டுகின்றன மாமா?"

"ஓம் மகன். ஒன்று பிழையாகச் சொன்னால் மற்ற இரண்டும் சேர்ந்து அதைத் தள்ளிவைத்துவிடும்."

1,500 அடிக்குக் கீழே வந்ததும் திரையில் 'லேண்ட் 3' என்று விழவேண்டும். 'லேண்ட் 2' என்றால் ஏதோ ஒன்று குறைகிறது. 'நோ ஓட்டோலேண்ட்' என்று விழுந்தால் கையால் இறக்கவேண்டியதுதான். மருமகன் அந்த எழுத்துகளுக்காகக் கண் இமைக்காமல் இருப்பான். எனக்குப் பிடித்தது அதன் பிறகு வருவது. 50 அடியளவில் மூக்கு மெல்ல எழும். எஞ்சின் தானாக அடங்கும். சக்கரம் தொட்ட பின்னும் விமானம் நடுக்கோட்டை விட்டு அகலாது. உண்மையில் அகலவே அகலாது. ஓட்டோபைலட்டை நிறுத்தாமல் மருமகன் பக்கப் பாதைக்குத் திருப்பப் பார்த்தான். அது அவனை மறுபடி மறுபடி நடுக்கோட்டுக்கே இழுத்தது. "விடமாட்டேன் என்கிறது மாமா" என்று அவன் சொன்ன தொனியில் கோபமும் இருந்தது, மரியாதையும் இருந்தது.

ஒன்று கவனியுங்கள். சிமுலேட்டரில் ஐ.எல்.எஸ். அலை எப்போதும் சுத்தமாக இருக்கும். வெளியுலகில் அப்படியில்லை. 2011 நவம்பர் 3ஆம் திகதி மியூனிக் நகரில் ஒரு 777 தானாக இறங்கிக்கொண்டிருந்தபோது, முன்னால் கிளம்பிய இன்னொரு விமானம் லோக்கலைசர் அலையைக் குழப்பியது. 777 ஓடுபாதையை விட்டுப் புல்தரைக்குள் ஓடி, திரும்பக் குறுக்கே வந்து மறுபக்கத்தில் நின்றது. யாருக்கும் காயமில்லை. இதை மருமகனிடம் சொன்னதும், "வாப்பா வரும் விமானத்திலும் இப்படி நடக்குமா?" என்றான். பார்வை நன்றாக இருக்கும் நாட்களில் விமானிகள் பெரும்பாலும் கையால்தான் இறக்குகிறார்கள் என்று அவனை நம்பவைப்பதற்குள் என் பிளேன்டீ ஆறிவிட்டது.

வாழைச்சேனையிலிருந்து:

என்னுடையது பழைய மடிக்கணினி. வெயில் தெளிவாக இருந்தால் துணைமென்பொருள் பூப்போல இறக்குகிறது. மழைமேகம் வைத்தால் திரை திணறி, படங்கள் விட்டுவிட்டு வருகின்றன. அந்த நேரம் மூக்கைத் தூக்கும் கட்டளையும் பிந்திப் போகிறது. தரைக்கு 50 அடிக்குள் எல்லாம் ஐந்தாறு நொடியில் முடிந்துவிடுவதால், அரை நொடிப் பிந்தலே சக்கரத்தை உடைக்கப் போதும். மேகத்தின் அடர்த்தியையும் தரையிலுள்ள வீடு மரங்களையும் குறைத்துவிடுங்கள். நான்கு மடங்கு வேகத்தில் ஓடவிட்டு இறங்கும் கட்டத்துக்கு வருகிறவர்கள், ஐ.எல்.எஸ். அலையைப் பிடிப்பதற்கு முன்பே சாதாரண வேகத்துக்குத் திரும்பிவிடுங்கள். இல்லாவிட்டால் விமானம் கோட்டுக்கு இருபுறமும் ஆடிக்கொண்டே வரும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

எல்லோரும் மன்னிக்கவேண்டும். தோணியை மற்றவன் வலிக்க, கரையில் நின்றுகொண்டு "நான் கடலுக்குப் போனேன்" என்று சொல்கிற கதையாக இருக்கிறது இது. மேலே ஏறுவதும் பறப்பதும் ஏற்கெனவே பொத்தான் வேலையாகிவிட்டன. மிச்சமிருப்பது தரையிறக்கம் ஒன்றுதான். அதையும் கொடுத்துவிட்டு நாம் என்ன செய்யப்போகிறோம்?

நான் அம்பாறை விமானத்தளத்தில் கையால் இறக்குகிறேன். சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய குளத்தை அடையாளமாக வைத்துத் திரும்பி, வயல்களுக்கு மேல் வேகத்தைக் குறைத்துக்கொண்டு வருவேன். சில நாள் நன்றாக வரும், சில நாள் துள்ளும். துள்ளினால் ஏன் துள்ளியது என்று எனக்குத் தெரியும்.

சம்மாந்துறை அண்ணன் மியூனிக்கைச் சொன்னார். அதைவிடப் பெரியது 2009 பெப்ரவரி 25ஆம் திகதி அம்ஸ்டர்டாமில் நடந்தது. துருக்கி விமான சேவையின் 737 ஒன்றில் தரையிலிருந்து உயரத்தை அளக்கும் இடப்பக்க ரேடியோ உயரமானி, விமானம் ஏறத்தாழ 2,000 அடியில் இருக்கும்போதே 'மைனஸ் 8 அடி' என்று காட்டியது. தரைக்கு வந்துவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு, எஞ்சின் விசையைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் தானியங்கித் திரொட்டில் எஞ்சினை அடக்கிவிட்டது. வேகம் குறைந்துகொண்டே போனதை விமானிகள் நேரத்தோடு கவனிக்கவில்லை. ஓடுபாதைக்கு முன்னாலேயே விழுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். கையில் பிடித்திருந்தால் கைக்குத் தெரிந்திருக்கும் என்பது என் கட்சி.

திருக்கோவிலிலிருந்து:

களுவாஞ்சிக்குடித் தம்பியின் கட்சி நியாயமானது. ஆனால் எல்லோருக்கும் அந்தக் கை வாய்ப்பதில்லை. நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். வலது கை நடுங்கும். தேநீர்க் கோப்பையையே இடது கையால்தான் எடுப்பேன். ஜோய்ஸ்டிக்கைப் பிடித்தால் விமானமும் என்னோடு நடுங்கும். பேரன் வெளியூரில் படிக்கப் போனபோது தன் கணினியை என்னிடம் விட்டுப்போனான். 2020இல் வந்த மைக்ரோசொப்ட் சிமுலேட்டரும், ஃப்ளைபைவயர் குழுவினர் இலவசமாகத் தரும் எயார்பஸ் 320 விமானமும் அதில் இருக்கின்றன. இலவசம் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஓய்வூதியக்காரர்களும் வாசிக்கக்கூடும்.

எயார்பஸ்ஸில் அணுகலுக்கான பொத்தானை அழுத்தி, இரண்டாவது ஓட்டோபைலட்டையும் இணைத்துவிட்டால், 400 அடியில் 'லேண்ட்' என்று காட்டும். பிறகு 'ஃப்ளெயர்', அதாவது மூக்கைத் தூக்கும் கட்டம். 10 அடியில் ஒரு குரல் "ரிட்டார்ட்" என்று கூப்பிடும். திரொட்டில் நெம்புகோலை விமானி பின்னே இழுக்கவேண்டும் என்பதற்கான குரல் அது. கையால் இறக்கும்போது 20 அடியில் கூப்பிடும். தானாக இறங்கும்போது 10 அடி. நீங்கள் இழுக்கும்வரை விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். இறக்கையின் மேலுள்ள தடுப்புத் தட்டுகள் விரிவதற்கும் அந்த நெம்புகோல் பின்னே வந்திருக்கவேண்டும். ஆகவே தம்பி, கரையில் நிற்கிறவனுக்கும் இதில் ஒரு வேலை வைத்திருக்கிறார்கள். அந்த வேலைக்கு என் இடது கை போதும்.

இன்னொன்று. பயணிகளோடு ஒரு விமானம் முதன்முதலில் தானியங்கி முறையில் தரைதொட்டது 1965 யூன் 10ஆம் திகதி. பாரிஸிலிருந்து இலண்டனுக்கு வந்த ட்ரைடன்ட். இலண்டன் மூடுபனிதான் அதற்குத் தாய். நம் பக்கத்தில் அப்படி மூடுபனி இல்லை. எனவே நான் சிமுலேட்டரில் வானிலையை மாற்றி, ஹீத்ரோவில் பார்வைத் தூரத்தை 200 மீற்றர் ஆக்கிவிட்டு இறங்குகிறேன். சாம்பல் நிறத்தைத் தவிர எதுவும் தெரியாது. குரல் மட்டும் எண்ணிக்கொண்டு வரும்: ஐம்பது, நாற்பது, முப்பது. பிறகு திடீரென்று ஓடுபாதை விளக்குகள். இதைக் கையால் இறக்க எந்தத் தம்பியாலும் முடியாது.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

ஐயா, 200 மீற்றரில் நான் தோற்றேன். அம்பாறை மட்டும் என்னுடையது.

புளியந்தீவிலிருந்து:

2022இல் எனக்குத் தானியங்கித் தரையிறக்கத்தைப் பழக்கியது மின்வெட்டுத்தான். மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை நிறுத்தினார்களே, அந்தக் காலம். அட்டவணையைப் பார்த்து, கரண்ட் போவதற்கு முன் தரையிறங்கிவிடும்படி கணக்குப் போட்டுக் கிளம்புவேன். கடைசிப் பத்து நிமிடத்தில் அம்மா விளக்குக்கு எண்ணெய் ஊற்றக் கூப்பிடுவா. விமானத்தை மென்பொருளிடம் கொடுத்துவிட்டு எழும்புவேன். திரும்பி வரும்போது ஓடுபாதையில் நிற்கும், அல்லது திரை கறுத்திருக்கும். கறுத்திருந்தால் இறங்கியதா இல்லையா என்று அறிய வழியே இல்லை. அட்டவணையைவிட மென்பொருள் நேரம் தவறாமல் நடந்தது என்பதை மட்டும் சொல்லலாம்.

கல்முனையிலிருந்து:

மலிவான ஜோய்ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு: நீங்கள் தொடாவிட்டாலும் அது கணினிக்குச் சின்னச் சின்ன அசைவுகளை அனுப்பிக்கொண்டே இருக்கும். சில துணைமென்பொருள்கள் அதை "விமானி கையை வைத்துவிட்டார்" என்று எடுத்துக்கொண்டு ஓட்டோபைலட்டைத் துண்டித்துவிடும். என்னிடம் அது நடப்பது எப்போதும் தரைக்கு மிக அருகில்தான், என்ன நேர்த்தியோ தெரியவில்லை. சிமுலேட்டரின் அமைப்பில் 'நல் சோன்' என்ற அளவைக் கூட்டிவிடுங்கள். நடுவில் அந்த அளவுக்குள் வரும் அசைவுகளை அது பொருட்படுத்தாது.

ஏறாவூரிலிருந்து:

கல்லடி அண்ணா, கச்சான் காலத்தில் 24 முனைக்கு அந்த மென்பொருளைக் கொண்டு இறக்கிப் பார்த்தீர்களா? கடல் பக்கமிருந்து வரவேண்டுமே.

கல்லடியிலிருந்து:

பார்த்தேன். 06ஐ விட அழகான பாதை அது. 4 கடல்மைல் தொலைவில் ஏறத்தாழ 1,270 அடியில் கடலுக்கு மேல் இருப்பீர்கள். பிறகு கரை, நகரம், வாவி, ஓடுபாதை. காற்றை நேர் மேற்கில் வைத்தால் கொஞ்சம் வலப்பக்கமிருந்து அடிக்கும். 20 நொட்டுக்கு மேல் பக்கக் காற்று வைக்கவேண்டாம். எயார்பஸ் 320க்கே தானியங்கித் தரையிறக்கத்தில் பக்கக் காற்றின் எல்லை அதுதான், கரவன் பாவம். மூக்கைத் தூக்கும் உயரம் ஜெட் விமானங்களுக்கென்று 50 அடியில் இருக்கும். கரவனுக்கு அது அதிகம், பாதி ஓடுபாதைவரை மிதந்துகொண்டே போகும். 20 அடிக்குக் குறைத்துவிடுங்கள். என் அமைப்புக் கோப்பை இன்றிரவு அனுப்பிவைக்கிறேன். 737க்கு அதைப் போட்டுவிடாதீர்கள்.